மில்ட்டனிடம் சொல்ல ஒரு வரி

காலையில் எழுந்தேன். முகம் மழித்தேன். காபி போட்டேன். ரொட்டியை வாட்டி, வெண்ணெய் தடவி, அப்படியே குருவிகளுக்கு வீசினேன். டை கட்டிக்கொண்டு ஸ்டுடியோவுக்கு டிராம் பிடித்தேன்.

மார்ச் மாதத்திலிருந்து இப்படித்தான். என் மனைவி ஆர்லீன் இறந்தது மார்ச்சில்.

கல்லூரியில் நான் படித்தது கிரேக்கத் துன்பியல் நாடகங்கள். அதனால் ஹாலிவுட்டில் என்னை நகைச்சுவைப் பிரிவில் போட்டிருந்தார்கள்.

என் அறையில் தயாரிப்பாளர் ப்ராட்ஸ்மேன் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு கட்டு அட்டைகள். முந்தின மாலை பசடேனாவில் எங்கள் படத்தை முன்னறிவிப்பு இல்லாமல் ஓட்டிக்காட்டி, பார்த்தவர்களிடம் கருத்து எழுதி வாங்கியிருந்தார்கள்.

"தம்பி, ஜனம் அழுதிருக்கு," என்றார். "காமெடிப் படத்துக்கு!"

கதை எளிது. நாயகிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை மில்ட்டன், இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை. கொளுத்தும் வெயிலிலும் குடை எடுத்துப் போகிறவன். அந்த நேரம் பார்த்து, அவளை விவாகரத்து செய்த முதல் கணவன் வந்து நிற்கிறான். குடிப்பான், பொய் சொல்வான், நன்றாக நடனமாடுவான். கல்யாண விருந்து மேசையில் காத்திருக்க, அவள் முதல் கணவனோடு கிளம்பிவிடுகிறாள்.

யார் ஜெயிப்பார் என்பது முதல் காட்சியிலேயே எல்லோருக்கும் தெரியும். மில்ட்டனைத் தவிர.

சிக்கல் கடைசிக் காட்சியில். கிளம்பும் முன் நாயகி மில்ட்டனிடம் நீளமாக மன்னிப்புக் கேட்கிறாள். ஜனங்களுக்கு அவன்மேல் இரக்கம் வந்துவிட்டது. 'அந்த மில்ட்டனை யாராவது பத்திரமாக வீட்டில் கொண்டுபோய் விடுங்கள்' என்று ஓர் அம்மாள் எழுதியிருந்தார்.

"ரெண்டாவது ஆளைப் பார்த்து எவனும் பாவம்னு சொல்லக் கூடாதுய்யா. அதுக்குத்தானே அவன் கையில குடையைக் கொடுத்தோம்?"

குடை மட்டுமல்ல. அவனுக்குத் தும்மல் கொடுத்திருந்தோம். கண்டிப்பான அம்மா ஒருத்தியைக் கொடுத்திருந்தோம். கல்யாண கேக்கின் மேலேயே விழவைத்தோம். விழுந்தவன் எழுந்து, கேக்கிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் நின்றான். அதுவும் பரிதாபமாகிவிட்டது.

இரண்டாவது ஆள் கேலிக்குரியவன் என்பது தொழிலின் விதி. தணிக்கைக்காரர்களுக்கு வேறொரு விதி: கட்டிலில் ஆணும் பெண்ணும் சேர்ந்திருந்தால் ஒரு காலாவது தரையில் இருக்க வேண்டும். கால் தரையில் இருக்கும்வரை ஒழுக்கத்துக்குக் குறைவில்லை.

"ஒரே ஒரு வரி போதும். அன்பா சொல்லணும், தியேட்டர் சிரிச்சு உருளணும். மத்தியானத்துக்குள்ள வேணும், இல்லேன்னா படத்தைப் பெட்டிக்குள்ள வெச்சுப் பூட்டிருவாங்க." சுருட்டைக் கடித்தார். "உன் சம்சாரம் கடைசியா ஒண்ணு சொன்னாங்களே, பேப்பர்ல படிச்சேன். அந்த மாதிரி நிஜமா ஏதாவது."

ஆர்லீன் எங்கள் படங்களில் சின்னச் சின்ன வேடங்களில் நடித்தவள். அவளுடைய கடைசி வார்த்தைகள் என்று பத்திரிகையில் வந்தது இது: 'அன்பே, உலகத்தைச் சிரிக்க வை.'

எழுதியது எங்கள் விளம்பரப் பிரிவு. ஆர்லீன் என்னை ஒருநாளும் அன்பே என்று கூப்பிட்டதில்லை.

தட்டச்சில் தாளைச் செருகினேன். ஒரு வரி அடித்தேன். எடுத்து நீட்டினேன்.

ப்ராட்ஸ்மேன் படித்தார். சிரித்த சிரிப்பில் சுருட்டு மடியில் விழுந்தது. சாம்பலைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

"இந்த மில்ட்டனை மட்டும் எப்படிய்யா அச்சு அசலா எழுதுற? யாரையாவது பார்த்து எழுதுறியா?"

நான் ஜன்னலைப் பார்த்தேன். வெளியே நல்ல வெயில். என் குடை மூலையில் சாத்தியிருந்தது.

அந்த வாரமே காட்சியைத் திரும்ப எடுத்தார்கள். நாயகி என்னை ஓரமாக அழைத்தாள்.

"இதை எப்படிச் சொல்லணும், வெண்டெல்? குத்திக் காட்டுற மாதிரியா?"

"இல்லை. அக்கறையா."

அக்கறையாகச் சொன்னாள். விளக்குப் பிடிப்பவர்கள்கூடச் சிரித்தார்கள்.

மறுபடி பசடேனா. மறுபடி அட்டைகள். அந்த வரி வந்ததும் அரங்கம் அதிர்ந்தது. பின்வரிசைக்காரர் ஒருவர் சிரிப்பு தாங்காமல் என் தோளைப் பிடித்து உலுக்கினார். அடுத்து முதல் கணவன் பேசியது யாருக்கும் கேட்கவில்லை. இந்த முறை மில்ட்டனைப் பாவம் என்று ஒருவர்கூட எழுதவில்லை.

"மேதைடா நீ!" என்று ப்ராட்ஸ்மேன் என்னைக் கட்டிக்கொண்டார்.

அந்த வரி என்னுடையதல்ல.

மார்ச்சில், மருத்துவமனையில், ஒரு மத்தியானம். செய்தி கேட்டு குயின் டென்னிஸ் உடையிலேயே ஓடிவந்திருந்தான். குயின், ஆர்லீனின் முதல் கணவன். கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்திருந்தான். ஒரு கால் தரையில் இருந்தது.

நான் கதவருகே குடையோடு நின்றிருந்தேன்.

அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அன்பாகத்தான் பார்த்தாள்.

"நீ போய்ச் சாப்பிடு, வெண்டெல். அதான் இவன் இருக்கானே."