ஒரு சாப்பாடு, ஒரு டோக்கன்

"சாப்பாடு எழுபது ரூபா. இந்தக் காயின் ஒண்ணு எண்பத்தெட்டு ரூபா. பதினெட்டு ரூபா சும்மா போகுதேக்கா!"

கௌதமன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

"அரையும் காலும் எனக்குப் புரியாது கண்ணு. ஒரு சாப்பாடு, ஒரு டோக்கன்," என்றாள் அருக்காணி அக்கா, கல்லாவை விட்டு அசையாமல்.

டெல்லி முனிர்காவில் அறை எடுத்து, வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறவன் கௌதமன். சம்பளம் ஸ்டேபிள்காயின் என்ற டிஜிட்டல் காசாகப் போனுக்கு வரும். ஒரு காயின் என்றைக்கும் ஒரு டாலர். அதை யாருக்காவது விற்று ரூபாயாக்கிக்கொள்வான். போன வாரம் வாங்கியவன் மோசடிப் பேர்வழி. அவன் பணம் வந்து விழுந்ததும் இவனுடைய பேங்க் கணக்கை முடக்கிவிட்டார்கள். போனில் முந்நூறு காயின்; பாக்கெட்டில் பஸ்ஸுக்குக்கூடக் காசில்லை.

கடன் கேட்க நாக்கு எழவில்லை. இரண்டு நாள் தண்ணீரைக் குடித்துப் படுத்துக் கிடந்தவன், இன்றைக்குத்தான் அருக்காணி அக்காவின் மெஸ்ஸுக்கு வந்து, "எங்கிட்ட டிஜிட்டல் டோக்கன்தான் இருக்குக்கா..." என்று இழுத்தான்.

"டோக்கன்தானே? குடு. நாங்களும் டோக்கன்லதான் கடை நடத்தறோம்."

கல்லாவில் பணம் கட்டினால் நீல நிறத்தில் பிளாஸ்டிக் டோக்கன் ஒன்று தருவார்கள். அதைக் கொடுத்தால் தட்டு வரும். சிலர் மறந்துபோய் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவதால், சுவரில் கொட்டை எழுத்தில் ஒரு போர்டு: 'டோக்கன் உங்களுக்குச் சொந்தமல்ல. திருப்பிக் கொடுக்கவும்.'

வேறு வழி? அக்காவின் போனிலேயே காயினைப் போட்டுவைக்க ஒரு வாலட் ஆப் போட்டுக் கொடுத்தான். பன்னிரண்டு ஆங்கில வார்த்தைகளை ஒரு சீட்டில் எழுதி நீட்டினான்.

"இதுதான்க்கா சாவி. சீட்டு யார் கையில இருக்கோ, காசு அவங்களுது. பத்திரம்."

அக்கா சீட்டை மடித்து டோக்கன் டப்பாவுக்குள் போட்டாள்.

நாற்பது நாள் இப்படியே ஓடியது. ஒரு நாள் வரத் தாமதமானாலும் அக்காவிடமிருந்து போன் வந்துவிடும். "என்ன கண்ணு, இன்னிக்கு டோக்கனைக் காணோமே?"

என்ன பேராசை! நண்பர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் 'டாலர் அக்கா' என்று பெயரே வைத்துவிட்டான் கௌதமன்.

ஒருவழியாகக் கணக்கைத் திறந்துவிட்டார்கள். அன்று மெஸ்ஸில் முதல் வேலையாக ரூபாயில் பணம் அனுப்பினான். பணம் வந்ததைச் சொல்லும் கல்லாப் பெட்டி, "சத்தர் ரூபயே" என்று எழுபது ரூபாய் வரவை இந்தியில் கத்தியது.

"இனிமே ரூபாதான். உங்க டாலர் வருமானம் போச்சுக்கா!"

அக்காவின் முகம் மலர்ந்தது. "கணக்கத் தொறந்துட்டாங்களா? அப்பாடா!"

டப்பாவைத் துழாவி அந்தச் சீட்டை எடுத்து அவன் கையில் வைத்தாள். "இந்தா. நாப்பதும் அப்படியே இருக்குது. நான் தொடவே இல்ல."

கௌதமனுக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்புறம் எதுக்குக்கா பதினெட்டு ரூபா அதிகமா வாங்கினீங்க?"

"சும்மா சாப்புடுன்னு சொல்லியிருந்தா மறுநாள் வந்திருப்பியா? கொறைச்சுக் கேட்டிருந்தாலும் கூச்சப்பட்டிருப்பே. அதிகமாக் கேட்டேன். என்னைத் திட்டிக்கிட்டே தெனமும் வந்து வயிறாரச் சாப்பிட்டே."

கௌதமனுக்கு வெட்கத்தில் முகம் சுருங்கியது. கண்கள் நிறைந்துவிட்டன. சீட்டை அவளிடமே நீட்டினான்.

"நான் சாப்பிட்டதுக்குக் குடுத்ததுக்கா. இது உங்க காசு."

அக்கா அதைத் தொடவில்லை. சுவரிலிருந்த போர்டைக் காட்டினாள்.

"படிக்கத் தெரியுமில்ல கண்ணு? டோக்கனைத் திருப்பிக் குடுத்துரோணும்."