படத்தில் தெரியும்தானே

கமராவைப் பார்த்ததும் ரஜனிக்கு மறுபடியும் பேச்சு நின்றுபோனது.

"அக்கா, இந்தக் கண்ணாடிக்குள்ள பார்த்துக் கதையுங்கோ. வேற ஒண்டும் வேண்டாம்," என்றான் செந்தூரன்.

கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பவளைப் போல் அவள் அந்தக் கண்ணாடியைப் பார்த்தாள். "வணக்கம். இதுதான் மஸ்கெலியா..." அதோடு சரி.

சம்பளத்துக்குப் பேசும் அறிவிப்பாளர்கள் வேண்டாம், ஒவ்வோர் ஊரையும் அந்த ஊர்க் குடும்பமே சுற்றிக் காட்டட்டும் என்பது செந்தூரனின் யோசனை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொழும்பில் தொலைக்காட்சியில் சேர்ந்த நாளிலிருந்தே அவன் கண்ட கனவு. மேலதிகாரி அரை மனதோடுதான் தலையாட்டினார். எதற்கும் இருக்கட்டும் என்று அறிவிப்பாளர் பிரியந்தியையும் வான் வண்டியில் ஏற்றி அனுப்பியிருந்தார்.

பிரியந்தி வானுக்குள் பவுடர் போட்டுக்கொண்டிருந்தாள்.

ரஜனியின் பார்வை அடிக்கடி அந்த வானுக்குப் போய் வந்தது. ஞாயிற்றுக்கிழமை இந்த நிகழ்ச்சிக்காகத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுச் சனமெல்லாம் டிவி முன்னால் உட்காரப்போகிறது. பிரியந்தியைப் பார்க்க அல்ல.

வேடிக்கை என்னவென்றால், கமராவை நிறுத்தினால் ரஜனியை நிறுத்த முடியாது. புருஷன் கணேசமூர்த்தியின் பக்கம் திரும்பிவிடுவாள். பாருங்க, டேம்ல தண்ணி எறங்கிருச்சு. பாருங்க, கரை படிப்படியா செவந்து கெடக்கு, ரொட்டிய அடுக்கி வச்ச மாதிரி. அணை உடைந்ததுபோல் கொட்டும்.

"வீட்டுலயும் இப்பிடித்தானா அண்ணே?" என்று கேட்டான் கமராக்காரன் கிஷாந்த்.

"எங்க வீட்டு டிவியே அதுதானுங்க. கரண்டு போனாலும் நிக்காது," என்றார் கணேசமூர்த்தி.

"ஆமா, நிப்பாட்டிட்டா அய்யாவுக்குச் சோறு எறங்காது," என்று ரஜனி அவர் தோளில் ஒன்று போட்டாள். எல்லோரும் சிரித்தார்கள்.

செந்தூரனுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. "அக்கா, தண்ணி, கரை எல்லாம் படத்தில தெரியும்தானே. அதையே ஏன் சொல்லுறீங்கள்?"

"தெரிஞ்சா என்னங்க தம்பி? சொன்னாத்தானே வந்து சேரும்."

கணேசமூர்த்தியைப் பற்றி அவனுக்கு ஒரு குறையும் இல்லை. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கையில் கறுப்புக் குடை, சற்றே நிமிர்ந்த முகம். மகள் நிரூபா அப்பாவின் கையை விடாமல் நின்ற அழகை நம்பித்தான் இந்தக் குடும்பத்தையே அவன் தெரிவு செய்திருந்தான். வெள்ளித் தட்டியால் வெயிலை முகத்துக்கு நேரே திருப்பினாலும் மனிதருக்குக் கண் கூசவில்லை. பிறவி நடிகர் என்று செந்தூரன் வியந்திருந்தான்.

வானின் கதவு திறந்தது. பிரியந்தி இறங்கினாள்.

ரஜனியின் முகம் சுருங்கியது.

"ரஜனியக்கா அண்ணன்கிட்டத்தான் பேசுவாங்க," என்றான் கிஷாந்த். "அவரைக் கொண்டாந்து என் பக்கத்துல நிப்பாட்டுங்க."

நிரூபா அப்பாவைக் கூட்டிவந்தாள். அவருடைய தோள் கமராவை உரசியது. ரஜனி எதிரே, நீர்த்தேக்கத்தின் கரையில், ஒரு தோளைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பி நின்றாள். அவரைப் பார்த்தாள்.

"பாருங்க. சிவனொளிபாத மலை இன்னைக்குத் தலைய மட்டுந்தான் காட்டுது. கழுத்து வரைக்கும் பனியப் போத்திக்கிட்டு, காய்ச்சக்காரன் மாதிரி. அங்கிட்டு மலையில பொம்பளைங்க கொழுந்து எடுக்குறாங்க, கலர் கலரா துணி காயப் போட்ட மாதிரி இருக்கு. தண்ணிக்கு நடுவுல ஒரு பட்டுப்போன மரம். அதுல ஒரு வெள்ளக் கொக்கு நிக்குது பாருங்க, பெரட்டுக் களத்துல காலையில ஆளுக்கு வேல பிரிக்கிறப்ப பெரியதொரை நிப்பாரே, கையப் பின்னால கட்டிக்கிட்டு, அப்பிடியே..."

நாடா ஓடிக்கொண்டே இருந்தது. பிரியந்தி பவுடர் டப்பாவை மூட மறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ரஜனியின் கண்கள் மலைக்கும் தண்ணீருக்கும் போய்ப் போய், கமராவை ஒட்டி நின்ற கணவரின் முகத்துக்கே திரும்பின. படத்தில் பார்க்கிற ஒவ்வொருவரும் என்னிடம்தான் பேசுகிறாள் என்று நினைப்பார்கள்.

பேசி முடித்ததும் முதலில் கைதட்டியவள் பிரியந்திதான். "நான் டீ குடிக்கப் போறேன்," என்றாள். "எனக்கு இங்க வேலை இல்ல."

செந்தூரனுக்குத் தலைகால் புரியவில்லை. கமராவின் சின்னத் திரையைக் கணேசமூர்த்தியின் பக்கம் திருப்பினான். "அண்ணை, பாருங்கோ உங்கட மனுசியை! எப்பிடிக் கதைச்சவ!"

கணேசமூர்த்தியின் முகம் திரும்பவில்லை. தண்ணீரின் பக்கமே இருந்தது.

"கேட்டேன் தம்பி," என்றார். "அந்தக் கொக்கு இன்னும் நிக்குதா, பறந்துருச்சா?"

கொக்கு அவருக்கு நேர் எதிரே நின்றது.

கிஷாந்துக்குத்தான் முதலில் புரிந்தது. அவன் கையிலிருந்த கமரா தானாகவே கணேசமூர்த்தியின் முகத்தை நோக்கித் திரும்பியது.

"வேணாங்க தம்பி," என்றாள் ரஜனி, மெதுவாக. "இதுக்குத்தான் முன்னாடியே சொல்லல. சொல்லியிருந்தா அவரு கண்ணைத்தான் படம் புடிச்சிருப்பீங்க. என் பேச்ச யாரு கேக்குறது?"

செந்தூரன் உள்ளங்கையால் கமராவின் கண்ணாடியை மூடினான்.

"தம்பி, கொக்கு?" என்றார் கணேசமூர்த்தி.

"நிக்குது அண்ணை."

அவர் இன்னும் காத்திருந்தார். ரஜனி கையைக் கட்டிக்கொண்டு, பாடம் ஒப்பிக்கச் சொன்ன டீச்சரைப் போல, செந்தூரனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செந்தூரன் தண்ணீரைப் பார்த்தான். காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த தண்ணீர்தான்.

"இப்ப ஒற்றைக் காலில நிக்குது," என்றான்.

"எந்தக் கால்ல?" என்றார் கணேசமூர்த்தி.