பன்னிரண்டு பேரின் ஆட்டம்

ஒரு பரிசோதனைக்கூடத்தில் வரியன் என்றொரு மீன் இருந்தது. பரம்பரை வலிப்புக்கு மருந்து தேடுவதற்காக மரபணுவை மாற்றி வளர்த்த மீன்களில் அதுவும் ஒன்று. வலிப்பு என்ற சொல் அந்த மீன்களுக்குத் தெரியாது. ஆட்டம் என்றே சொல்லிக்கொண்டன.

புது மருந்தைத் தொட்டியில் சொட்டியதிலிருந்து வரியனுக்கு ஆட்டம் வரவில்லை. மருந்தில்லாத பக்கத்துத் தொட்டியில் இருந்த தங்கை மினுக்கியிடம் கண்ணாடி வழியே புலம்பியது.

"ஒரே தொட்டியில பன்னிரண்டு பேரும் வாலோடு வால் உரச ஆடினோமே, அது ஒரு காலம்! ஆராய்ச்சிக்காரங்க சாப்பாட்டை விட்டுட்டு ஓடிவருவாங்க. இப்ப என்னை யார் பார்க்கிறாங்க?"

"பொறாமையா அண்ணே? நான் ஆடினா இன்னிக்கும் கூட்டம் வரும் பாரு," என்று சீண்டியது மினுக்கி. "ஆனா நாம ரெண்டு பேர்தானே மிச்சம்?"

"மத்தவங்க வேற தொட்டிக்குப் போயிருப்பாங்க."

அதற்குள் மினுக்கிக்கு ஆட்டம் வந்துவிட்டது. எப்போதும் கூடவே ஆடிய வரியன், ஆட்டத்தை வெளியிலிருந்து பார்த்ததேயில்லை. மினுக்கி சுழன்று சுழன்று கண்ணாடியில் மோதியது. பிறகு செவுள் அசையாமல் மல்லாந்து கிடந்தது. மற்ற பத்துப் பேரும் எங்கே போனார்கள் என்று வரியனுக்குப் புரிந்தது.

"தங்கச்சி தொட்டியிலயும் மருந்தை ஊத்துங்கய்யா!" என்று கண்ணாடியை முட்டி முட்டிக் கத்தியது.

ஒரு கை வந்து அந்தத் தொட்டியிலும் மருந்தைச் சொட்டியது. வெகுநேரம் கழித்து மினுக்கி மெல்லப் புரண்டு நிமிர்ந்தது.

"ஆட்டம் எப்படி அண்ணே? அந்தக் காலத்து மாதிரியே இருந்துச்சா?"

"அப்படியேதான் இருந்துச்சும்மா," என்றது வரியன், கண்ணாடியை விட்டு நகராமல்.