உள்ளேதான் இருக்கிறார்கள்

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் வேலை நேரத்தில் வெளியே கால் வைத்தால், கையில் கட்டியிருக்கும் பட்டை உடனே கம்பெனிக்குப் போட்டுக்கொடுத்துவிடும். வீட்டுக் கதவுக்கும் அந்தப் பட்டைதான் அடையாளம். கிருபாகரனுக்குக் கடை டீ குடித்து மாதக்கணக்காகிவிட்டது. அடிமாட்டு விலைக்கு வாங்கி ஒரு டப்பாவில் போட்டிருந்த, கம்ப்யூட்டரில் செருகும் பழைய யூ.எஸ்.பி வைஃபை டாங்கிள்களில் ஒன்றைப் பிரித்து, ஒரு கம்பியைப் பற்றவைத்து, பட்டையின் சிக்னலை அதுவே அனுப்பும்படி செய்தான். டாங்கிளைத் தன் ரூமிலேயே வைத்து, பட்டையை அணைத்துவிட்டு, சத்தமில்லாமல் டீக்கடைக்குப் போனான்.

திரும்பி வந்தபோது கதவு திறக்கவில்லை.

"கிருபாகரன் சார் உள்ளதான் இருக்காரு. நீங்க யாரு?" என்றது கதவு.

"நான்தான்யா அது! என் பொண்டாட்டியக் கூப்பிடு, அவ சொல்லுவா."

"மேடமும் உள்ளதான் இருக்காங்க. கூப்பிட்டேன், பதில் இல்ல."

லிஃப்ட் திறந்தது. பஜ்ஜிப் பொட்டலத்தோடு அவன் மனைவி ரேணு இறங்கினாள். அவனைப் பார்த்ததும் பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"நீங்க பண்றதப் பாத்து, உங்க டப்பாலேர்ந்து நானும் ஒரு டாங்கிள் எடுத்து என் ஆபீஸ் பட்டைக்குப் பண்ணேன்," என்றாள்.

கிருபாகரன் கதவை ஓங்கித் தட்டினான். "உள்ள ஆளே இல்லய்யா! உனக்கு எதுவுமே வித்தியாசமாத் தெரியலயா?"

"ஆளுக்கொரு ரூம்ல இருக்காங்க. காலையிலேர்ந்து ஒரு வார்த்தை பேசிக்கல," என்றது கதவு. "எப்பவும் போலத்தான் சார் இருக்காங்க."