ஏழு மரணங்கள்

“ஏழு பேரும் ஒரே மாதத்தில செத்துப்போச்சினமோ, மிஸி?”

டொக்டர் தவராசா பதிவேட்டை மேசையில் தூக்கிப் போட்டார். கொழும்பிலிருந்து திருகோணமலைக்கு வந்து இறங்கி இன்னும் ஒரு தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை. எயிட்ஸ் கிருமி தொற்றியவர்களின் கணக்கை மாவட்டம் மாவட்டமாகச் சரிபார்க்கிற வேலை. 1998இல் சண்டை நடக்கிற பக்கம் வர மற்ற டொக்டர்மார் பின்வாங்கினார்கள். இவர் தானே கேட்டு வாங்கிக்கொண்டு வந்தவர்.

“ஓம், டொக்டர்,” என்றாள் தாதி கமலேஸ்வரி.

“எந்த ஆஸ்பத்திரியில செத்தவை? மரணச் சான்றிதழ் எங்க?”

“இல்லை, டொக்டர்.”

“இல்லையோ? ஒரே பேனை, ஒரே மை! ஒரே இருப்பில இருந்து ஏழு பேரையும் பதிவேட்டில சாகடிச்சிருக்கிறீங்கள்!”

கமலேஸ்வரி மேசையில் கிடந்த பதிவேட்டை நேராக்கி வைத்தாள்.

“இந்தப் பக்கம் இந்த வருத்தமே இல்லையெண்டு கொழும்பில கதைக்கினம். நான் எண்ணிக்கையோட போய்க் காட்டினால்தான் பரிசோதனைச் சாமான் வரும், நாளைக்கு மருந்து வரும். நீங்கள் வெயிலுக்க திரியப் பஞ்சிப்பட்டு, எல்லாரையும் செத்தாச்சு எண்டு எழுதிப்போட்டு இருக்கிறீங்கள். நான் மேல எழுதத்தான் போறன். உங்கட வேலை போகும்.”

“எழுதுங்கோ, டொக்டர்.”

அந்த அமைதிதான் அவருக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. பதிவேட்டில் ஒரு பெயரில் விரலை ஊன்றினார்.

“கதிரவேல், சல்லிக் கிராமம். மூண்டு பிள்ளையள். வாங்கோ, அந்த வீட்டிலேயே போய்க் கேப்பம், ஆள் எப்ப செத்தவர் எண்டு.”

இப்போதுதான் அவள் முகம் மாறியது.

“வேண்டாம், டொக்டர்.”

“ஏன், பொய் பிடிபட்டிடும் எண்டோ?”

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

“சரி, போவம். ஆனா ஜீப்பில வேண்டாம், பஸ்ஸில போவம். அந்த ஸ்டெதஸ்கோப்பைக் கழட்டி வையுங்கோ. ஆரும் கேட்டால் என்ர சொந்தக்காரர் எண்டு சொல்லுங்கோ.”

டொக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் போனார். இரண்டு சோதனைச் சாவடிகளில் இறங்கி நடந்து, திரும்ப ஏறி, சல்லிக்குப் போய்ச் சேர மத்தியானமாகிவிட்டது.

முற்றத்தில் ஒரு மெலிந்த மனிதன் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான்.

“கதிரவேலின்ர வீடு இதுதானோ?” என்று கேட்டார் டொக்டர்.

“ஓம். நான்தான் கதிரவேல்.”

டொக்டர் பின்னால் வந்துகொண்டிருந்த கமலேஸ்வரியைத் திரும்பிப் பார்த்தார்.

அந்த மனிதன் கமலேஸ்வரியைக் கண்டதும் அயல் முழுக்கக் கேட்கக் கத்தினான். “சீதேவி! மச்சாள் வந்திருக்கிறா, தேத்தண்ணி வை!”

பிறகு குரலைத் தாழ்த்தினான். “இவர் ஆர், மிஸி?”

“கொழும்பு டொக்டர். பயப்படாதேங்கோ.”

“ஊரைப் பொறுத்தமட்டில எனக்குச் சயரோகம், ஐயா. அதுவும் சுகமாயிட்டுதாம்.” கதிரவேல் சிரிக்கப் பார்த்தான். “மிஸி கிழமைக்கொருக்கா வந்து பாத்திட்டுப் போவா. வேற ஒருத்தரும் வாறேல்ல. அதால பிள்ளையள் பள்ளிக்கூடம் போகுதுகள், என்னையும் தோணியில ஏத்தினம்.”

சீதேவி கொடுத்த கொதிக்கிற தேத்தண்ணியை டொக்டர் ஒரே மூச்சில் குடித்தார். சுட்டதுகூடத் தெரியவில்லை.

பஸ்ஸுக்காகத் தெருவோரத்தில் நின்றபோது டொக்டர் கேட்டார்.

“உயிரோட இருக்கிற மனிசரை ஏன் சாகடிச்சனீங்கள்?”

“செத்தவையின்ர வீட்டுக்கு ஜீப் போகாது, டொக்டர்.”

“அப்ப கணக்குக்கு நான் எங்க போறது?”

“எண்ணிக்கை வேணுமெண்டால் இப்பவே தாறன். எத்தினை ஆம்பிளையள், எத்தினை பொம்பிளையள், என்ன வயசு, எல்லாம் தாறன். பேர் மட்டும் கேக்காதேங்கோ. பேர் வெளியில போகாது எண்டு தெரிஞ்ச பிறகுதான் ஆக்கள் தாங்களா வந்து இரத்தம் சோதிக்கினம். போன வருசம் நாலு பேர். இந்த வருசம் முப்பத்தொரு பேர்.”

டொக்டரின் முகம் மெல்லத் தெளிந்தது. “அப்ப ஏழு பேரும் உயிரோடதான் இருக்கினம்!”

“ஆறு பேர், டொக்டர்.”

“மற்ற ஆள்?”

“இராசமலர். நிலாவெளி ஊர். அவ மட்டும் உண்மையா செத்தவ. வருத்தத்தால இல்லை.”

கமலேஸ்வரி தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“போன ஆவணியில அவவின்ர வாசலில ஜீப் வந்து நிண்டது. கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு ரெண்டு பேர் இறங்கினவை. படலையடியில நிண்டு அவவின்ர பேரைச் சத்தமா வாசிச்சு, இந்த ஆள் இஞ்சதானோ எண்டு கேட்டவை. அண்டைக்குப் பின்னேரமே பொதுக்கிணத்தில தண்ணி அள்ள வேண்டாமெண்டு ஊர் மறிச்சிட்டுது. அடுத்த நாள் விடிய அந்தக் கிணத்துக்குள்ளதான் அவ கிடந்தா. அவவைச் சுடலையில தாட்டிட்டு வந்துதான் மற்ற ஆறு பேரையும் நான் பதிவேட்டில சாகடிச்சனான்.”

“ஐயோ!” என்று கத்தினார் டொக்டர். “ஆர் அந்த மடையன்? வீட்டுக்கு ஜீப்பை அனுப்பச் சொன்னது ஆர்? பேரைச் சொல்லுங்கோ மிஸி, நான் அவனைச் சும்மா விடமாட்டன்!”

கமலேஸ்வரி தயங்கினாள். பிறகு கைப்பையைத் திறந்து, மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்த ஒரு கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள்.

போன ஆடி மாதம் கொழும்பிலிருந்து எல்லா மாவட்டங்களுக்கும் அனுப்பிய சுற்றறிக்கை. ‘பதிவிலுள்ள ஒவ்வொருவரையும் அவரவர் வீட்டுக்கே சென்று நேரில் உறுதிசெய்யவும்’ என்று இருந்தது.

கீழே இருந்த கையெழுத்து டொக்டர் தவராசாவுடையது.