ஹீலரின் மடி

ஆவடிக்குப் போகும் மின்சார ரயிலின் ஜன்னல் கம்பிகளினூடே மாலை வெயில் சௌம்யாவின் மடியில் விழுகிறது. நிற்பவர்களின் பைகளெல்லாம் அங்கேதான். சாப்பாட்டுப் பை, ஹெல்மெட், யாருடையதோ கீரைக்கட்டு. போன் விளையாட்டில் அணியைக் காக்கும் ஹீலராக ஆடுபவர்களுக்கென்று அவள் இணையத்தில் எழுதிய வழிகாட்டியை, எதிரே நிற்கும் தம்பி பரத் படித்து உதட்டைப் பிதுக்குகிறான்.

“இன்னாக்கா இப்படி எழுதிகீறே? கேம்ல கெடைக்கிற கோல்டு காசு மொத்தமும் டீமுக்கு ஷீல்டு வாங்கவா? உனக்குன்னு ஒண்ணுமே இல்லேன்னா நீதான் மொதல்ல காலி.”

“டீம் நிக்கும்ல,” என்கிறாள் கண் திறக்காமல்.

“நீ நிக்க மாட்டியே! உன்னையும் கொஞ்சம் பாத்துக்கோக்கா.”

அதையே வழிகாட்டியின் கீழே கருத்தாக எழுத அவனுக்கு இரண்டு கையும் வேண்டியிருக்கிறது. தோளில் கனக்கும் பையைக் கழற்றி, கீரை நசுங்காமல் பார்த்து, அவள் மடியில் வைக்கிறான்.