அபூசாலி காக்காவின் குளிர் வீடு

வெயிலை மறித்துத் தருகிறோம் என்று வருகிறவனை நம்பலாமா? நம்பக்கூடாது என்பதுதான், ஊரே காக்கா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுகிற அபூசாலியின் கட்சி. அரசாங்கமோ, உதவி அமைப்போ, கையில் கோப்போடு வருகிற எவனும் எதையாவது எடுத்துக்கொண்டு போகத்தான் வருகிறான்.

புத்தளம் பக்கம், எத்தாளைக்குப் போகிற பாதையோரம் இருந்த அரசாங்க வீட்டு வரிசையில் ஆறு வீடுகள். தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு உடுத்த உடுப்போடு வந்து, யுத்தம் முடிந்த பிறகும் திரும்பிப் போகாமல் தங்கிவிட்ட குடும்பங்கள். ஆறுக்கும் ஒரே தகரக் கூரை. நடுச்சுவர்கள் சீலிங் மட்டத்தோடு நின்றுவிடும். முதல் வீட்டில் ஏறுகிற பூனை கடைசி வீட்டில் இறங்கும். அந்தக் கடைசி வீடுதான் அபூசாலியுடையது.

கரண்ட் பில்லைக் குறைக்கிற திட்டம் என்று ஒன்று வந்தது. புது டிவி வாங்கினால் பெட்டிக்குள் வருமே, அந்த வெள்ளை ரெஜிபோம், அதையே தடித்த பலகைகளாகக் கொண்டுவந்து சீலிங்குக்கு மேலே பரப்பினார்கள். தகரத்துச் சூடு கீழே இறங்காது, ஃபேன் சும்மா தொங்கும் என்றார்கள். சும்மாதான் தொங்கியது. சில மாதங்கள்.

பிறகு சூடு திரும்பி வந்தது. ஃபேன்கள் பேய் பிடித்ததுபோல் சுற்றின. பில்லும் பழையபடி ஏறியது.

"றஸ்மி பாஸ் பலகையக் கழட்டி வித்திட்டான்" என்று முதலில் வாய் திறந்தவர் அபூசாலி. பலகை பரப்பிய மேசன்தான் றஸ்மி. மழை ஒழுக்குப் பார்க்கிறேன் என்று இரண்டாம் தரமும் கூரையில் ஏறியவன். அதோடு புது மோட்டார் சைக்கிள் வேறு வாங்கியிருந்தான். இதற்கு மேல் என்ன சாட்சி? அபூசாலி பள்ளிவாசலிலும் சொன்னார், சலூனிலும் சொன்னார், கடற்கரையில் மீனை ஐஸ் பெட்டியில் அடைக்கிற மீன்வாடியிலும் சொன்னார். மீன் யாவாரத்தை விட்டு எவ்வளவோ காலமாகியும் வாடிப் பக்கம் போகாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

"கண்ணால காணாம ஒரு மனுசன கள்ளனெண்டு செல்லாதீங்க" என்றாள் மனைவி சாரா உம்மா.

"மேசன்மாரக் கண்ணால காணணுமா? கையப் பாத்தாக் காணும்."

கடைசியில் புத்தளத்திலிருந்து திட்டத்து எஞ்சினியர் பஸீனா மிஸ் பொலிஸோடு வருவதாகச் செய்தி வந்தது. எந்த வீட்டுச் சீலிங் சூடு காட்டுகிறதோ அதைக் கழற்றிப் பார்ப்பாராம். குளிர் காட்டினால் கைவைக்கமாட்டாராம்.

அன்று காலை அபூசாலி வாடியிலிருந்து ஓட்டோவில் இரண்டு மூட்டை ஐஸ் கொண்டுவந்து இறக்கினார்.

"மிஸ்ஸுக்கு சர்பத் கரைக்க."

"ரெண்டு மூடையா? சர்பத்துலயா அவவக் குளிப்பாட்டப் போறீங்க?"

"உன்ட கத பிறகு. மகள்ட ஊட்டுக்குப் போய் நல்ல கிளாஸ் கொஞ்சம் எடுத்துக்கிட்டு வா, போ."

வெயில் உச்சிக்கு ஏறியபோது மிஸ் வந்தார். கையில் துவக்குப் போல ஒரு கருவி. சீலிங்கை நோக்கிப் பிடித்தால் எவ்வளவு சூடு என்று சொல்லிவிடும். பின்னால் சார்ஜன். அவருக்குப் பின்னால், முகத்தில் இரத்தமே இல்லாமல் றஸ்மி.

ஐந்து வீட்டிலும் கருவி கொதித்தது. ஐந்து சீலிங்கையும் கழற்றினார்கள். மேலே தகரமும் சிலந்தி வலையும்தான். சார்ஜனின் கை றஸ்மியின் தோளில் விழுந்தது.

"அல்லாஹ் மேல சத்தியமா நான் பரப்பினன் மிஸ். ஊட்டுல பெண்சாதி புள்ளப்பெற இரிக்கிறா. என்னய உள்ளுக்குப் போட்டா அவவ ஆர் பாக்கிறது?"

"சத்தியம் பண்ணாத கள்ளன் ஒருத்தன எங்கயாச்சும் கண்டிருக்கிறீங்களா, சார்ஜன்?" என்றார் அபூசாலி.

ஆறாவது வீட்டில் மிஸ் கருவியை உயர்த்தினார். பார்த்தார். தட்டிவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"இதென்ன, ஏசி போட்ட என்ட ஒபிஸ்லயும் இவ்வளவு குளிர் இல்லையே!"

றஸ்மி வாயைப் பிளந்தான்.

"எனக்குப் பயந்து இங்க மட்டும் ஒழுங்காப் பரப்பியிருக்கான் மிஸ். கள்ளனுக்கும் ஆள் தெரியும்" என்ற அபூசாலி, கதிரையைத் துடைத்துப் போட்டார். "இந்தச் சீலிங்கக் கழட்டி என்னத்துக்கு? இரிங்க. சர்பத் குடிச்சிட்டு அவன ஏத்திக்கிட்டுப் போங்க."

மிஸ் உட்கார்ந்தார். சாரா உம்மா புருசனை ஒரு மாதிரியாகப் பார்த்தபடி சர்பத்தை நீட்டினாள். அது வெதுவெதுப்பாக இருந்தது.

மிஸ் ஒரு வாய் குடிப்பதற்குள் கிளாஸுக்குள் ஒரு சொட்டு விழுந்தது. அடுத்த சொட்டு அவருடைய நெற்றியில். வெளியே வானத்தில் ஒரு துண்டு மேகமில்லை. மிஸ் நெற்றியைத் துடைத்து, விரலை மூக்கருகே கொண்டுபோனார்.

"என்ன இது, மீன் மணக்குது?"

சார்ஜன் மேலே பார்த்தார். றஸ்மியின் தோளிலிருந்த கை தானாகக் கழன்றது. யாரும் சொல்லாமலே றஸ்மி ஒரு கதிரையில் ஏறி, சீலிங் தகட்டைத் தள்ளி, தலையை உள்ளே விட்டான்.

"மிஸ், என்ட பலக இங்கதான் இரிக்கிது. ஆறு ஊட்டுப் பலகையையும் வெட்டி ஒட்டி மீன் பெட்டி செஞ்சு வாடிக்கு வித்திரிக்கிறாரு போல. விக்காத பெட்டியெல்லாம் மேல இரிக்கிது, நிறைய ஐஸோட." தலையை வெளியே எடுத்தான். "அபூசாலி காக்கா, சர்பத்துக்கு ஐஸ் வேணுமா?"

சொட்டு மட்டும் நிற்கவில்லை. வாழ்நாளெல்லாம் மீன் பெட்டி செய்த கை அது. ஐஸ் தண்ணீர் வடிய அடியில் ஓட்டை போடாமல் ஒரு பெட்டியையும் செய்து அதற்குப் பழக்கமில்லை.